கால் ஊனாத ஒம்பது நாள்

ஜன்னலோரம் நீங்களே ஒக்காந்துக்கங்க சார், எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பையை மட்டும் ஒங்க காலுக்கிட்ட வச்சுக்கிரவா? கண்டக்டரு மேல வைக்கச் சொல்றாரு. மேல வச்சா உருண்டு விழுந்துரும். உள்ள பெருசா ஒண்ணுமில்ல, ஒரு பழைய நோட்டு, கால் கிலோ காராச்சேவு, அம்புட்டுத்தான். ரெண்டுமே என் தம்பிக்கு.

ஆண்டிபட்டியில எறங்குறேன் சார். தம்பி அங்க ஒரு மில்லுல வாட்ச்மேனா இருந்து ஓஞ்சவன். என்ன அப்படிப் பாக்குறீங்க? எழுவத்திரண்டு வயசுக் கெழவன் புதுச்சட்டை மாட்டிக்கிட்டு மாப்பிள்ளை கணக்கா கெளம்பியிருக்கானேன்னா? காரணம் இருக்கு. நாப்பது வருசமா என்கிட்டப் பேசாதவன் சார் அவன். ஒரு வார்த்தை பேசுனதில்ல. காலையில அவன் மகன் கலைவாணன் போன் போட்டு, "பெரியப்பா, அப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல். ஒங்களப் பாக்கணும்னு சொல்றாரு, வாங்க"ங்கிறான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இட்லியப் பாதியில வச்சுட்டுக் கெளம்பிட்டேன். பாக்கணும்னு சொன்னானாம்ல! அண்ணன் செஞ்சது தனக்காகத்தான்னு இப்பவாச்சும் புரிஞ்சிருக்கும்.

என்ன செஞ்சேனா? சொல்றேன். உசிலம்பட்டி தாண்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

சைக்கிள் சுத்துறது பாத்திருக்கீங்களா சார்? ஒங்க வயசுக்குப் பாத்திருக்க மாட்டீங்க. ஊருத் திடல்ல சுண்ணாம்புல வட்டம் போட்டு, நடுவுல கம்பு நட்டு டியூப்லைட்டுக் கட்டி, ஒரு ஆளு சைக்கிள்ல ஏறுனா எறங்கவே மாட்டான். அஞ்சு நாளு, ஏழு நாளு. சாப்பாடு, குளிப்பு, சட்டை மாத்துறது எல்லாம் சைக்கிள் மேலயேதான். ஹேண்டில்பார்ல தலையச் சாச்சுக் கண்ண மூடிக்கிட்டே சுத்துவான். மத்ததெல்லாம் எப்படின்னு கேக்காதீங்க, அதுக்கும் வழி இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் சட்டம். கால் தரையில படக்கூடாது. பட்டா எல்லாம் போச்சு.

என் தம்பி மாயழகு அதுல கெட்டி. இருபத்துநாலு வயசு, ஒல்லி ஒடம்பு. அவன் சுத்துவான், நான் மைக்குப் பிடிப்பேன். என் கொரலு அப்ப கணீர்னு இருக்கும். மூணு ஊருக்குக் கேக்கும்னு சொல்லுவாய்ங்க. எட்டு நாளு ஒருத்தன் வடக்க சுத்திட்டான்னு அந்த வருசம் ஒரு பேச்சு அடிபட்டுச்சு. நான் அழகுகிட்டச் சொன்னேன், "டேய், நாம ஒம்பது நாள் சுத்துறோம். இருநூத்திப் பதினாறு மணி நேரம். எவனும் சுத்துனதில்ல, நீதான் மொத ஆளு." அவன் கொஞ்சம் யோசிச்சான். "ஆத்தா என்ன சொல்லுது"ன்னான். எதுக்கும் ஆத்தாவைத்தான் கேப்பான். சின்னப்புள்ளைல அப்பன் செத்துட்டாரு, அது கைக்குள்ளயே வளந்தவன்.

இந்தத் தடவ நான் முறையாச் செஞ்சேன் சார். சாதனைப் புஸ்தகம் போடுறாய்ங்கல்ல வெளிநாட்டுல, அதுல பேரு வரணும்னா மணிக்கொரு தரம் ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம். எங்க ஊரு ஹெட்மாஸ்டரும் போஸ்ட்மாஸ்டரும் ஒத்துக்கிட்டாக. அவுகளுக்கு மாத்தாளா இன்னும் ரெண்டு வாத்தியாருங்க. அந்த நோட்டுத்தான் பையில இருக்கு. வெறும் கையெழுத்துத்தான், பக்கம் பக்கமா. பேத்திக்குக்கூடத் தொடக் குடுக்க மாட்டேன்.

மொத அஞ்சு நாளு திருவிழாதான். ஆத்தா சாயங்காலமானா கிண்ணத்துல சோத்தப் பெசஞ்சு எடுத்துட்டு வரும். அதுக்கு மூட்டு வலி, ஓட முடியாது. அழகு சைக்கிள உருட்டுற மாதிரி மெதுவா விடுவான். ஆத்தா கூடவே நடந்து உருண்டை உருண்டையா ஊட்டும். முடிச்சதும் ரெண்டு தடவ மணி அடிப்பான், டிரிங் டிரிங்னு. அது வந்து, போயிட்டு வா ஆத்தான்னு அர்த்தம். சனமெல்லாம் சிரிக்கும். நான் மைக்குல, "பெற்ற தாய் ஊட்டுகிறார், வீர மகன் உண்கிறார்"னு விடுவேன். கைதட்டு பொளந்துரும்.

அஞ்சாம் நாளு சாயங்காலம் ஆத்தா ஊட்டிட்டு வந்து மைக்குச் செட்டுப் பக்கத்துல ஒக்காந்துச்சு. "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுய்யா, அவன எறங்கச் சொல்லேன்"னுச்சு. நான், "நாலு நாளுதான் ஆத்தா, வெத்தலையப் போட்டுட்டுப் போயிப் படு"ன்னேன். அப்ப எனக்கென்ன சார் தெரியும்? வாயுன்னு நெனச்சேன். வாயுன்னுதானே எவனும் நெனப்பான்?

மறுநாக் காலையில என் சம்சாரம் பஞ்சவர்ணம் திடலுக்கு ஓடி வந்தா. நான் வீட்டுக்குப் போறேன், ஆத்தாவுக்கு மூச்சு எளைக்குது. "சின்னவனக் கூப்புடுய்யா, ஒரு தரம் பாத்துக்கிறேன்"ங்குது. கூப்புடுறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? நாலு எட்டு வச்சா திடலு. கூப்புட்டிருந்தா வந்திருப்பான். வந்தா கால் தரையில பட்டிரும்ல சார்? அஞ்சு நாளுப் பாடு மண்ணாப் போயிரும். நான் ஆத்தா கையப் பிடிச்சுக்கிட்டு, "இந்தா வந்துட்டே இருக்கான் ஆத்தா, வாசலுக்கு வந்துட்டான்"னேன். வாசலையே பாத்துக்கிட்டிருந்துச்சு. பதினோரு மணி இருக்கும், அடங்கிருச்சு.

இருங்க சார், போன் அடிக்குது. கலைவாணன்தான்... ஆங், ஏறிட்டேன்ப்பா. செக்கானூரணி தாண்டிட்டேன். அப்பாவுக்குக் காய்ச்சல் எப்பிடி இருக்கு? ... சரி சரி. ... சாப்பிட்டேன்ப்பா, சாப்பிட்டேன்.

மெதுவா வாங்க பெரியப்பாங்கிறான். தங்கமான பய. அப்பன் பேசாட்டியும் புள்ள பொங்கலுக்குப் பொங்கல் போன்ல ரெண்டு வார்த்தை பேசிருவான்.

எங்க விட்டேன்? ஆங். எங்க பக்கம் முறை என்னன்னா சார், அப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்கணும், ஆத்தாளுக்கு எளைய மகன் வைக்கணும். ஆக, எங்காத்தா கொள்ளி அவனுக்குள்ளது. ஊருப் பெருசுங்க கூடிருச்சு. "சின்னவன எறக்குடா"ன்னாய்ங்க. நான் அவிய்ங்க கால்ல விழுந்துட்டேன். "மூணே நாளு. ஊரு பேரு ஒலகத்துக்குத் தெரியப்போகுது. இன்னைக்கு அவன எறக்குனா போன உசிரு வருமா?"ன்னேன். பேசத் தெரிஞ்ச வாயில்ல? ஒத்துக்கிட்டாய்ங்க. ஊரே வாயக் கட்டிக்கிருச்சு.

சத்தம் வரக்கூடாது, அதுதான் முக்கியம். எங்க ஊருல ஒரு சாவுன்னா தப்பு மேளம் அடிக்காம, வெடி போடாம எடுக்க மாட்டாய்ங்க. நாதியத்தவனுக்குக்கூட ஒரு தப்பாவது அடிப்பாய்ங்க. எங்காத்தாவுக்கு ஒண்ணுமில்ல சார். பொம்பளைகள மாரடிச்சு அழாதீகன்னு சொல்லிட்டேன். முந்தானைய வாயில வச்சு அழுத்திக்கிட்டு அழுதாளுக. சவுண்டு சர்வீஸ்காரன்கிட்ட, "பாட்ட நிப்பாட்டாத, சத்தமா வை"ன்னுட்டு வந்திருந்தேன். சினிமாப் பாட்டு தெருவெல்லாம் கேக்குது, அதுல எங்காத்தா போகுது. கம்மாக்கரையில அழகு வைக்க வேண்டிய கொள்ளிய நான் வச்சேன்.

மொட்டை போடணும்ல? போட்டா அவனுக்குத் தெரிஞ்சிரும். போடல. கம்மாயில முங்கிட்டு நேரா வந்து மைக்கப் பிடிச்சேன். ஒரு சுத்து வந்தவன் என்னையப் பாத்து, "ஏண்ணே தலை ஈரமா இருக்கு?"ன்னான். "வெயிலு தாங்கலடா, குளிச்சேன்"னேன். கொரலு நடுங்கல சார். அது ஒண்ணு எனக்கு எப்பவும் நடுங்காது.

அன்னைக்கு ஒரு தப்பு நடந்துபோச்சு. அதை நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது. ஹெட்மாஸ்டரு, போஸ்ட்மாஸ்டரு, மாத்து வாத்தியாருங்க ரெண்டு பேரு, நாலு பேருமே எங்காத்தாவத் தூக்கிவிட வந்துட்டாக. ஒருத்தராச்சும் திடல்ல இருந்திருக்கலாம்ல? படிச்சவுகதானே? ரெண்டு மணியிலருந்து ஆறு மணி வரைக்கும் கையெழுத்து இல்ல. அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. இங்கிலீசு வாத்தியார வச்சு எல்லாம் எழுதி அனுப்புனோம். ஆறு மாசங்கழிச்சுக் கடுதாசி வருது, நாலு மணி நேரத்துக்குச் சாட்சி இல்ல, ஏத்துக்க முடியாதுன்னு. எங்க எழவுக்குப் போயிருந்தாகன்னு வெள்ளைக்காரனுக்கு எப்பிடி எழுதுறது? நீங்களே சொல்லுங்க. நாலு மணி நேரம் சார். அந்த நாலு மணி நேரந்தான் எங்க பேரக் கெடுத்துச்சு.

சாயங்காலம் சோறு கொண்டுக்கிட்டுப் பஞ்சு போனா. "ஆத்தா எங்க மதினி?"ன்னு கேட்டிருக்கான். பஞ்சு என்னையப் பாக்குறா. நான் மைக்குலயே சொன்னேன், "ஆத்தாவுக்குக் காய்ச்சல்டா தம்பி, தூங்குறாக"ன்னு. வீட்டுப் பக்கம் திரும்பி ரெண்டு தடவ மணி அடிச்சான். ஏழாம் நாளும் கேட்டான், தூங்குறாகன்னேன். எட்டாம் நாளு கேக்கவே இல்ல. கண்ணு ரெண்டும் செவந்து குழிக்குள்ள போயிருந்துச்சு. மைக்குக்கிட்ட வரும்போது, "ஆத்தாவக் கண்ணுல காட்டுண்ணே. தூரமாவாச்சும் காட்டு. இல்லேன்னா எறங்கிருவேன்"னான். சொன்னாச் செய்வான்.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. அதை யோசனைன்னு நான் சொல்றேன், பஞ்சு சாகுற வரைக்கும் அதை வேற பேரு சொல்லித்தான் திட்டுனா.

ஆத்தாவோட அரக்குச் சுங்கடிச் சேலை கொடியில கெடந்துச்சு. "அதைக் கட்டிக்கிட்டு, தலையில முக்காடு போட்டு, பொழுது மசங்குற நேரமாத் திடலோரம் வேப்பமரத்தடியில நில்லு. கைய மட்டும் தூக்கிக் காட்டு"ன்னேன். ரெண்டு பேரும் ஒரே ஒசரம். பஞ்சு தரையில விழுந்து அழுதா. "வேணாங்க, பாவங்க, செத்தவுக சேலைங்க"ன்னா. நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். நின்னா. கையத் தூக்குனா.

அவன் பாத்துட்டான் சார். அந்த மொகத்தை நீங்க பாத்திருக்கணும். எட்டு நாளு அசதியும் எங்க போச்சுன்னு தெரியல. மணிய அடிக்கிறான், ரெண்டு தடவ இல்ல, விடாம அடிக்கிறான். சுத்துக்குச் சுத்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அடிக்கிறான். சனம் முழுக்கத் தெரிஞ்ச சனந்தானே. ஒருத்தன் கைதட்டல. நான் மட்டும் மைக்குல பேசிக்கிட்டே இருந்தேன். என்ன பேசுனேன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரமாட்டேங்குது.

இந்தா உசிலம்பட்டி. டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா? சரி. எனக்கும் என்னமோ எறங்காது இன்னைக்கு.

ஒம்பதாம் நாளு சாயங்காலம், இருநூத்திப் பதினாறு மணி நேரம் முடிஞ்சிருச்சு. பஞ்சாயத்துத் தலைவரு ரோசாப்பூ மாலை வாங்கிட்டு வந்திருந்தாரு. நாலு பேரு பிடிச்சு எறக்குனோம். கால் தரையில பட்டதும் மடங்கிருச்சு. ஒம்பது நாளா மிதிச்ச காலு, நிக்க மறந்துபோச்சு. மைக்கக் குடுத்தேன். "இது எங்காத்தாவுக்கு"ன்னு ரெண்டே வார்த்தை. மாலையக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு வேப்பமரத்தப் பாத்து நடக்குறான். விழுறான், எந்திரிக்கிறான், விழுறான். கடைசில தவழ்ந்துதான் போனான்.

ஏன்னா பஞ்சு அங்கதான் நின்னா சார். இன்னைக்கும் காட்டு, நாளைக்கு நானே சொல்லிக்கிறேன்னு நான்தான் நிப்பாட்டி வச்சிருந்தேன். அவன் அங்க போவான்னு எனக்குத் தோணவே இல்ல. ஓடிருடின்னு கத்தலாம்னா மைக்கு மறுபடி என் கையில இருக்கு. அவ ஓடல. அவளுக்கும் காலு வரலன்னு பின்னாடி சொன்னா.

கால்ல விழுந்தான். ரெண்டு பாதத்தையும் கையால பிடிச்சான். அப்பிடியே இருந்தான். பாதத்துல மெட்டி கெடந்துச்சு சார். எங்காத்தா தாலியறுத்துப் பதினெட்டு வருசம். மெட்டி ஏது?

சேலையையெல்லாம் யோசிச்சவன் மெட்டிய யோசிக்கல.

நிமிந்து பாக்கவே இல்ல அவன். தரையப் பாத்துக்கிட்டே, "எப்ப மதினி?"ன்னான். "ஆறாம் நாளு தம்பி"ன்னா. "கொள்ளி?"ன்னான். "ஒங்கண்ணன்"னா. அம்புட்டுத்தான் பேச்சு. மாலைய எடுத்துக்கிட்டுக் கம்மாக்கரைக்குப் போனான். ரெண்டு பயலுக தோளக் குடுத்துத் தாங்கிட்டுப் போனாய்ங்க. நான் கூடப் போனேன். என் பக்கம் திரும்பல. காரியம் முடிஞ்ச மறுநா ஊர விட்டே போயிட்டான். அந்தச் சைக்கிள் எங்க வீட்டுலதான் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. அதுக்கப்புறம் அவன் சைக்கிள் ஏறவே இல்லையாம். மில்லுக்கு நாலு மைலு நடந்தே போயிட்டு நடந்தே வருவானாம்.

ரெண்டு தடவ அவன் வீட்டுக்குப் போயிருக்கேன். நான் முன்வாசல்ல நொழைஞ்சா அவன் பின்வாசல் வழியாப் போயிருவான். அவன் கல்யாணத்துக்குச் சொல்லல. பஞ்சு செத்தப்ப வந்தான். அவ காலடியில ஒக்காந்து கதறிக் கதறி அழுதான், அந்தப் பாதத்தப் பிடிச்சுக்கிட்டு. நான் எதுக்க நிக்கிறேன், நான் ஒரு தூணுங்கிற மாதிரி தாண்டிப் போயிட்டான்.

நான் என்ன சார் எனக்காகவா செஞ்சேன்? அவன் பேரு வரணும்னுதானே? ஒலகத்துல மொத ஆளு அவன். சாட்சி வேணும்னா இந்தா நோட்டு இருக்கு. இன்னைக்கு அவன் கையில குடுத்து, "பாருடா, நாலு மணி நேரந்தான் கொறையுது. மத்ததெல்லாம் ஒன்னோடது"ன்னு சொல்லணும். அவன் பேசணும்னுகூட இல்ல. வாங்கிக்கிட்டாப் போதும்.

கணவாய் வந்துருச்சு. இதத் தாண்டுனா ஆண்டிபட்டிதான். இங்க டவர் சரியாக் கெடைக்காது... பாருங்க, சொல்றதுக்குள்ள அடிக்குது.

சொல்லுப்பா கலைவாணா. கணவாய்ல வர்றேன். ... அப்பாகிட்டக் கொஞ்சம் குடேன். பேச வேணாம்ப்பா, காதுல வச்சா மட்டும் போதும். ... தூங்குறானா? ... சரி, எழுப்பாத. ... அது என்னப்பா பின்னாடி சத்தம்? ... டீவியா? ... ஆங். ... நான் வந்ததும்தான் என்னது? ... நான் வந்ததும்தான்னு யாரோ சொன்னாகளே. ... ஒண்ணுமில்லையா. சரிப்பா. ... கேக்குதா? அலோ...

கட்டாயிருச்சு.

தூங்குறாராம்.

நல்லாத்தான் சொல்றான் சார். கொரலு நடுங்கல அவனுக்கு. எங்க வீட்டுக் கொரலு.

காய்ச்சல்னான். மெதுவா வாங்கன்னான். சாப்பிட்டீங்களான்னு ரெண்டு தடவ கேட்டான். இப்பத் தூங்குறாருங்கிறான். காய்ச்சலு, தூக்கம், ரெண்டும் நான் சொன்ன வார்த்தைக சார். வரிசைகூட மாறல. எனக்குத் தெரியாதா? அது டீவி இல்ல, தப்புச் சத்தம். எங்காத்தாவுக்கு நான் அடிக்க விடாத தப்பு அவனுக்கு அடிக்கிறாய்ங்க. அடிக்கட்டும். நல்லா அடிக்கட்டும்.

பாக்கணும்னு அவன் சொல்லியிருக்கவே மாட்டான் சார்.

எனக்காக வச்சிருக்காய்ங்க. நான் வந்ததும்தான் எடுக்கணும்னு வச்சிருக்காய்ங்க. அவன் மகன் எனக்காக வைக்கிறான் பாருங்க. எங்காத்தாவ நான் வைக்கலியே சார். மூணு நாளு வேணாம், ஒரு மணி நேரம் வச்சிருக்கலாம். அவனக் கூப்புட்டுக் காட்டியிருக்கலாம். அது வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு சார். நான் பாவி, வந்துட்டான் வந்துட்டான்னு சொன்னேன்.

ஆண்டிபட்டியா? ஆங், எறங்குறேன் கண்டக்டரே, ஒரு நிமிசம். காராச்சேவ நீங்க வச்சுக்கங்க சார். இல்ல, வச்சுக்கங்க, அவனுக்குத்தான் வாங்குனேன், யாராச்சும் சாப்பிடணும்ல. நோட்டு இருக்கட்டும், அதை அவன் கூடவே வச்சிருவேன், எரியட்டும்.

சார், கொஞ்சம் வந்து கையப் பிடிச்சுக்கங்க. படி எறங்கணும். காலு தரையில ஊனமாட்டேங்குது.